செல்வராணி கேட்டரிங் எழுதிய பரீட்சை

செனாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாமே ஒட்டு வீடுகள். சுவர் மெல்லிசு. பக்கத்து வீட்டு மூர்த்தி வீட்டில் தாளித்தால் எனக்குத் தும்மல் வரும். நான் தும்மினால் அந்தப் பக்கமிருந்து செல்வராணி, "அண்ணே, மிளகா கூடிருச்சா?" என்று கேட்பாள். ஆகவே அந்த வீட்டில் நடந்ததைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு. இந்தக் கமலநாதன் ஒட்டுக் கேட்டான் என்று யாரும் சொல்லக்கூடாது. காது இருந்தது, கேட்டது. அவ்வளவுதான்.

போதாததற்கு, நான் சொல்லப்போகும் பரீட்சை நடந்ததே என் வைஃபையில்தான். மூர்த்தி வீட்டு வைஃபை மழை வந்தால் செத்துவிடும், மழை விட்டாலும் எழுந்திருக்காது. எனக்கு ஒரு நன்றிகூட யாரும் சொல்லவில்லை. போகட்டும்.

மூர்த்தி தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். அவன் மனைவி செல்வராணி கேட்டரிங் செய்கிறாள். கல்யாணம், காதுகுத்து, பதினாறாம் நாள், எதுவானாலும் அவள் கைச் சமையல்தான். வீட்டின் பின்பக்கம் தகரம் போட்டு இழுத்துக் கட்டிய அடுப்படியில் அவளோடு ஏழு பெண்கள் வேலை செய்கிறார்கள். மூத்த மகன் ரூபேந்திரன் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டுவான், இருட்டியபின் வந்து படுப்பான். அவன் கண் திறந்திருப்பதை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். "ஒருத்தனப் பாலத்துக்குக் குடுத்துட்டேன், பொண்ணையும் குடுக்க மாட்டேன்" என்பது செல்வராணியின் தினசரிப் பேச்சு. அந்தப் பொண்ணு லோஷினி.

லோஷினி பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். என்ன படிக்கிறாள் என்று கேட்டால் மூர்த்தி "டிசைன்" என்பான். அதை நம்பி, அடுப்படியில் வேலை செய்யும் கஸ்தூரி ரவிக்கைக்கு டிசைன் கேட்டாள். மூணாம் வீட்டுக்காரர் இரும்புக் கேட்டுக்கு டிசைன் கேட்டார். ஒரு நாள் லோஷினி பொறுமை இழந்து அப்பாவை உட்கார வைத்து விளக்கினாள்.

"அப்பா, ஒரு வேலைய ஒரு ஆளுக்கு எப்படிக் கத்துக் குடுத்தா அவருக்கு வருமோ, அந்தப் பாடத்த உருவாக்குறதுதான் நான் படிக்கிறது."

"அதான் டீச்சர்னு சொல்லேன்."

"டீச்சர் இல்லப்பா. டீச்சர் இல்லாட்டியும் அந்தப் பாடம் நடக்கணும்."

"டீச்சர் இல்லாம பாடம் நடந்தா அதுக்குப் பேரு ரெஹாட்லா," என்றான் மூர்த்தி. பள்ளிக்கூடத்தில் அவனுக்கு நினைவிருப்பது அந்த ஓய்வு வேளை மட்டும்தான்.

படிப்பு முடிய இன்டர்ன்ஷிப் செய்தாக வேண்டும். தெப்ராவில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் பயிற்சி நிறுவனத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் கணினியில் பாடம் செய்து கொடுப்பவர்கள். அங்கே மேலதிகாரி மிஸ் தர்மினி. தொழிற்சாலை கேன்டீன்களை நடத்தும் ஒரு கம்பெனி, தன் சமையல் ஆட்களுக்கு உணவுச் சுத்தம் பற்றி ஒரு பாடம் கேட்டிருந்தது. அதை லோஷினியிடம் கொடுத்துவிட்டார் மிஸ். இதை நன்றாகச் செய்துவிட்டால் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை கேட்டுத் தருவதாகவும் சொல்லிவிட்டார். அன்று செல்வராணி எல்லாச் சாமிக்கும் சூடம் ஏற்றினாள். எனக்கு ஒரு பாத்திரம் கேசரி வந்தது.

பாடத்தைக் கேன்டீனுக்கு அனுப்புமுன் சமையல் தொழிலில் இருக்கும் சிலரிடம் சோதித்துப் பார்க்க வேண்டும், ஆட்கள் யாராவது உண்டா என்று மிஸ் கேட்டிருக்கிறார். லோஷினி யோசிக்காமல், "எங்கம்மா இருக்காங்க மிஸ், எட்டுப் பேரு!" என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. முதலில் ஒரு சின்ன டெஸ்ட், பிறகு பாடம், பிறகு இன்னொரு டெஸ்ட்.

அந்த முதல் டெஸ்ட் அம்மாவின் போனில் திறக்கிறதா என்று பார்க்க லோஷினி அதை அனுப்பி வைத்தாள். அங்கேதான் பிடித்தது சனி.

செல்வராணி அந்த டெஸ்டைத் திறந்தாள். தப்பாக அழுத்தினால் எது சரி என்று அதுவே சொல்லிவிடும். அவள் விடாமல் உட்கார்ந்து பத்துக் கேள்விக்கும் விடையைப் பிடித்துவிட்டாள். அப்புறம் கேட்டரிங் வாட்சப் குரூப்பில் குரலில் பேசி அனுப்பினாள். லோஷினி ஆபீசில் இருந்த பகல்களில் சுவருக்கு அந்தப் பக்கம் வெங்காயம் உரிப்பது நடந்தது, கூடவே ஓதுவதும் நடந்தது.

"ஒன்னு?"

"பி!"

"ரெண்டு?"

"சி!"

"மலரு, நாலு சொல்லு."

"டி... இல்லக்கா, ஏ!"

"ஏடி, என் மக வேலைக்கு உலை வைக்காதடி! நாலு பி!"

அங்கம்மா அந்தக் கூட்டத்தில் வயதில் மூத்தவள், சோற்றுப் பானை அவள் பொறுப்பு. "கேள்வி என்னான்னு யாராச்சும் சொல்லுங்களேன்" என்று ஒரு தரம் கேட்டாள். "அது எதுக்குக்கா? விடை தெரிஞ்சா போதாதா?" என்றாள் செல்வராணி. எனக்கும் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை காலையே வெயில் முதுகைச் சுட்டது. வாசல் போர்ச்சில் நாற்காலிகள், மேசையில் ஆபீஸ் கொடுத்த தட்டைக் கணினிகள். எட்டுப் பெண்களும் தலைக்குப் பூ வைத்து வந்திருந்தார்கள். மிஸ் தர்மினி சின்னக் காரில் வந்து இறங்கினார். முடியைக் குட்டையாக வெட்டிய, அதிகம் பேசாத அம்மா.

"பசியாறிட்டீங்களா மிஸ்? இடியப்பம் இருக்கு, பால் இருக்கு..."

"அப்புறம் ஆன்ட்டி. மொதல்ல டெஸ்ட்."

டெஸ்ட் தொடங்கியது. எங்கள் தலைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிப் போன நேரத்தில் முடிந்தும் விட்டது. எட்டுப் பேருக்கும் பத்துக்குப் பத்து. அங்கம்மா கண்ணாடி கொண்டுவரவில்லை, அவளுக்கும் பத்து. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து தட்டினேன்.

மிஸ் தர்மினி தட்டவில்லை. லோஷினி முகம் வெளுத்துப்போய், "அம்மா, ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்றாள். நானும் என் அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் குடிக்கத்தான்.

"அம்மா, யாரு உங்கள ஃபுல் மார்க் வாங்கச் சொன்னது?"

"இதென்னடி கேள்வி? மார்க்கு வாங்க யாராச்சும் சொல்லணுமா?"

"இது பாடத்துக்கு முன்னாடி வைக்கிற டெஸ்ட்மா! இதுல தெரியாம இருக்கணும். அப்புறம் பாடம். அதுக்கப்புறம் வைக்கிறதுல தெரிஞ்சிருக்கணும். நடுவுல கூடுது பாருங்க, அதுதான் நான் பண்ண வேலை. இப்ப கூடுறதுக்கு எடமே இல்ல. என் பாடம் யாருக்கும் ஒன்னும் சொல்லிக் குடுக்கலன்னு ஆயிருச்சு!"

அவள் அழுதுகொண்டிருந்தாள். "அப்ப மொதல்ல ஃபெயில் ஆகணும்" என்றாள் செல்வராணி.

"ஆமா!"

"அலமாக்! இத முன்னாடியே சொல்றதுக்கு என்ன? இவ்ளோதானே? அழாத. அம்மா இருக்கேன்லா."

லோஷினி தடுப்பதற்குள் அவள் போர்ச்சுக்கு வந்துவிட்டாள். "மிஸ், பிள்ளைங்க தெரியாம பண்ணிட்டாங்க. இன்னொரு வாட்டி வைங்க" என்றாள். திரும்பி, கண்ணைச் சிமிட்டி, "எல்லாரும் கொசோங் வாங்குங்கடி" என்று கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

எட்டுப் பேரும் மும்முரமாக அழுத்தினார்கள். எட்டுப் பேருக்கும் பூஜ்யம். ஒரு கேள்விகூடத் தவறிச் சரியாகவில்லை. செல்வராணி வெற்றிக் களிப்போடு மிஸ்ஸைப் பார்த்தாள்.

மிஸ் தர்மினி வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. "ஆன்ட்டி, எல்லாருமே கொசோங் வாங்கணும்னா எல்லாருக்கும் பத்து விடையும் தெரிஞ்சிருக்கணும்" என்றார். சிரித்து முடித்தபின் லோஷினியிடம் மெதுவாகச் சொன்னார். "ரெண்டு வாரத்துல கேன்டீன்காரங்ககிட்ட நான் ரிப்போர்ட் குடுக்கணும் லோஷினி. காட்டுறதுக்கு ஏதாச்சும் வேணும். இல்லன்னா இந்தப் பாடத்த வேற ஆளுகிட்டத்தான் குடுப்பேன். உனக்கு வேலையும் கேக்க முடியாது."

செல்வராணியின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். பாவமாக இருந்தது.

லோஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தட்டைக் கணினிகளை அடுக்கினாள். "மிஸ், எப்படியும் இன்னைக்கு ஒரு ஆர்டர் இருக்கு. இவங்க சமைக்கட்டும். நான் பாக்குறேன். நீங்களும் இருங்க" என்றாள். கோபத்தில் சொன்னாளா, யோசித்துச் சொன்னாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

பின்னடுப்படியில் வேலை தொடங்கியது. நானும் டீயோடு என் பின்மதில் ஓரம் வந்து நின்றேன். ஒரு பிறந்தநாளுக்குக் கோழிப் பெரட்டல், கத்தரிக்காய், சாம்பார், சோறு. தகரத்துக்குக் கீழே சூடு ஆளை வேகவைத்தது. கஸ்தூரி கோழியை வெட்ட, மலர் தேங்காய் துருவ, அங்கம்மா பானையைக் கிண்ட, செல்வராணி நடுவில் நின்று எல்லோரையும் ஏசினாள். காய்கறிக்கு ஒரு பலகை, கோழிக்கு ஒரு பலகை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். சமையல்காரர்களுக்கான கோர்ஸ் போய், டைபாய்டு ஊசி போட்டு, சர்ட்டிபிகெட் வாங்கியவர்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. லோஷினி போனைப் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றாள். பிறந்ததிலிருந்து அவள் வளையவந்த அடுப்படி அது. அவள் கண் கொஞ்ச நேரத்தில் ஒரே இடத்தில் நிலைகுத்தியது.

அங்கம்மாவின் தோளில் ஒரு துண்டு கிடந்தது. சிவப்பு எழுத்தில் குட் மார்னிங் என்று போட்ட வெள்ளைத் துண்டு. நம் ஊரில் அது இல்லாத சமையற்கட்டு உண்டா? அங்கம்மா அதில் நெற்றியைத் துடைத்தாள். அதைப் பிடித்துச் சூட்டுப் பாத்திரத்தை இறக்கினாள். கஸ்தூரி அதை வாங்கிக் கோழிப் பலகையைத் துடைத்துவிட்டுத் திருப்பி அவள் தோளிலேயே போட்டாள். செல்வராணி போகிற போக்கில் அதை உருவிக் கரண்டியைத் துடைத்தாள். பிறகு மூடி. பிறகு மலரின் கை. எட்டுப் பேருக்கும் ஒரே துண்டு, ஓயாமல் கைமாறிக்கொண்டே இருந்தது. லோஷினியின் பத்துக் கேள்வியில் துண்டு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சமையல் முடிந்தது. விருந்தாளிக்கு முதல் சோறு போட வேண்டும் இல்லையா? அங்கம்மா புதுத் தட்டு ஒன்றை எடுத்தாள். மரியாதைக்காக, தோளில் கிடந்த அந்தத் துண்டால் தட்டைப் பளபளவென்று துடைத்தாள். சோற்றை வைத்து, பெரட்டலை அள்ளி வைத்து, சிரித்த முகத்தோடு மிஸ்ஸிடம் நீட்டினாள்.

"அக்கா, குடுக்காதீங்க! மிஸ், அதச் சாப்பிடாதீங்க!"

லோஷினி போட்ட கத்தலில் நான் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியது. அங்கம்மாவின் கை நீட்டியபடியே நின்றது. விருந்தாளி முன்னால் சோற்றுத் தட்டைத் தடுப்பதா? எங்கள் பக்கம் கேட்டதுண்டா? மிஸ் தர்மினி நிலைமையைப் புரிந்துகொண்டு, சீப்பிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்தார். அவரே தோலை உரித்து அவரே சாப்பிட்டார். அங்கம்மாவுக்கு அதுவும் சேர்ந்து வலித்திருக்கும்.

அங்கம்மா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மேசைமேல் போட்டாள். "முப்பது வருசம் ஊருக்கே சோறு போட்ட கை இது. சுத்தமில்லன்னு இந்தப் புள்ள வாயால கேக்கணுமா?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்தது. தகரச் சத்தத்தை மீறிக் கேட்டது செல்வராணியின் குரல்.

"என் மானத்த வாங்கிட்டியேடி! வந்தவங்க முன்னால, சோத்துத் தட்ட!"

"நான் கண்ணால பாத்தேன்மா. பச்சக் கோழி தொடச்ச துணிமா அது. எப்படிச் சும்மா இருக்குறது?"

"இத்தன வருசமா யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? சாப்ட்டுட்டு வீட்டுக்குப் போனவங்க வயித்தப் போயிப் பாத்தீங்களா?"

அதன்பிறகு வீட்டில் பேச்சு நின்றது. செல்வராணி மகளுக்குச் சாப்பாடு போட்டு வைப்பாள், கூப்பிட மாட்டாள். மூர்த்தியை நடுவில் வைத்துத் தகவல் போகும். "அவளச் சாப்பிடச் சொல்லுங்க." "அம்மாகிட்டச் சாப்ட்டேன்னு சொல்லுங்கப்பா." பஸ்ஸில் நாற்பது பேரைச் சமாளிப்பவன், இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு திண்டாடினான்.

லோஷினி பழைய பாடத்தை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்யத் தொடங்கினாள். ஒரு நாள் அவள் மிஸ்ஸிடம் போனில் பேசியது என் பக்கம் நன்றாகவே கேட்டது.

"எங்கம்மாவத் திரும்பக் கூப்பிட முடியாது மிஸ். வேற சமையல்காரங்க யாராச்சும் கெடைப்பாங்களான்னு பாக்குறேன்."

அவ்வளவுதான். அடுப்படியிலிருந்து கரண்டி விழும் சத்தம் வந்தது.

"யாரு அது வேற சமையல்காரங்க? என் அடுப்படி இருக்கும்போது எவ அடுப்படிக்குடி போற?"

"நீங்கதான் பேசவே மாட்டேங்கிறீங்களே!"

"பேசாட்டி? வேற ஆளு கூப்பிடுவியா? சனிக்கிழமை எல்லாரும் வருவாங்கன்னு உங்க மிஸ்கிட்டச் சொல்லு."

"அங்கம்மா அக்கா?"

"அவளக் கூட்டிட்டு வர்றது என் பாடு." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கிச் சொன்னாள். "ஆனா ஒன்னு. என்ன பாடம் செய்றன்னு எனக்குக் காட்டாத. லிங்க்கு கிங்க்குன்னு என் போன்ல எதுவும் வரக்கூடாது. அப்புறம் கெட்டுரும்."

அந்த வாரம் செல்வராணி பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஊரில் யார் வீட்டில் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் தூங்காத பெண். மகள் கூடத்தில் பாடத்தை ஓட்டிப் பார்த்தால் இவள் டிவி சத்தத்தைக் கூட்டுவாள். மூர்த்தி வாயெடுத்தால், "ஒரு வார்த்த சொன்னீங்க, உங்களுக்கு ராத்திரி சோறு கெடையாது" என்பாள். அதுவும் முடியாமல் ஒரு நாள் என் வீட்டுக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணே, அங்க பாடம் ஓடுது. முடியட்டும், போறேன்."

"கொஞ்சம் எட்டிப் பாத்தா என்ன? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே. போன வாட்டி நல்லது பண்றேன்னு போயி அவ பொழப்பக் கெடுத்தேன். இந்த வாட்டி வாயும் கையும் சும்மா இருந்தாப் போதும்." சும்மா இருக்க முடியாமல் என் வீட்டுப் பூண்டு மொத்தத்தையும் உரித்து வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பூண்டை நான் எத்தனை நாள் சாப்பிட்டேன் என்பது வேறு கதை.

சனிக்கிழமை மிஸ் தர்மினி மறுபடியும் வந்தார். அங்கம்மாவும் வந்தாள், ஆனால் நாற்காலியை லோஷினிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். இந்தத் தரம் ஏ, பி, சி எதுவும் கிடையாது. பின்னடுப்படியில் பச்சைக் கோழி, பலகை, பாத்திரம், தட்டு, நாலைந்து துணிகள் எல்லாம் இருந்தன. ஒருவர் ஒருவராக வந்து கோழியை வெட்டிச் சமைத்துத் தட்டில் போடும்வரை அவர்கள் பாட்டுக்குச் செய்ய வேண்டும். பத்து இடத்தில் கை என்ன செய்கிறது என்று மிஸ் பார்த்து மார்க் போடுவார். பிறகு பாடம். பிறகு மறுபடியும் செய்ய வேண்டும்.

"யாரு மொதல்ல?" என்றார் மிஸ்.

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். வேலை செய்வது எளிது, ஒருவர் குறித்துக்கொண்டு நிற்க வேலை செய்வது வேறு. செல்வராணி எழுந்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

கோழியை வெட்டினாள். பழக்கதோஷத்தில் கை ஒரு துணியை எடுத்தது, பலகையைத் துடைத்தது, அதையே தோளில் போட்டது. மிஸ்ஸின் பேனா அசைந்தது. செல்வராணி அதைப் பார்த்துவிட்டாள். துணி விஷயம்தான் என்று அவளுக்குப் புரிந்தது, எந்தத் துணியை எதற்கு எடுப்பது என்று தெரியவில்லை. மகள் முகத்தைப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். பார்க்கவில்லை. கரண்டிக்குப் போனாள், மூடிக்குப் போனாள், அதே துணி. பேனா மறுபடியும் மறுபடியும் அசைந்தது. மலருக்குப் பொறுக்கவில்லை, தொண்டையைச் செருமி அடுக்கி வைத்திருந்த மற்ற துணிகளைக் கண்ணால் காட்டினாள்.

"மலரு, அந்தப் பக்கம் பாருடி!" என்றாள் செல்வராணி. "எனக்குத் தெரியல. தெரியாம இருக்குறத அப்படியே அவங்க பாக்கட்டும்."

பேர் பெற்ற சமையல்காரி, தன் அடுப்படியில், தன்னிடம் வேலை செய்பவர்கள் முன்னால் சொன்ன வார்த்தை அது. எனக்கு அவள்மேல் அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை. அங்கம்மாகூட நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

தட்டையும் அதே துணியால் துடைத்துச் சோற்றை வைத்து முடித்தாள். வேர்த்துக் கொட்டியது. மிஸ் தர்மினி கூட்டிப் பார்த்தார். அந்த நிமிடத்திலேயே லோஷினிக்கு வேலை கேட்டுவிடுவது என்று முடிவெடுத்துவிட்டதாக அவர் பிறகு சொன்னார், கேட்டு வாங்கியும் கொடுத்தார். ஆனால் அப்போது அது எங்கள் யாருக்கும் தெரியாது.

"எத்தன மிஸ்?"

"பத்துக்கு ரெண்டு, ஆன்ட்டி."

செல்வராணி கையைக் கழுவினாள். மகள் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு போதுமா?"

லோஷினி ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அப்ப வா," என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மகளுக்கு எதிரே முதல் ஆளாக உட்கார்ந்தாள் செல்வராணி. "சொல்லிக் குடு."